ஆளுக்கேற்ற மருந்து: சேத்துப்பட்டு ஆராய்ச்சி கற்பித்தது

1912-ஆம் ஆண்டில் பிராகு நகரத்து ஜெர்மன் சர்வகலாசாலையில் ஹான்ஸ் மேயர், யோசப் மாலி என்ற இரு ரசாயன சாஸ்திரிகள், எந்த வியாதியையும் மனத்திற் கொள்ளாமல் ஆராய்ச்சியின் பொருட்டே தயாரித்து எழுதி வைத்த ஒரு வெண்ணிறப் பொருள், நாற்பது ஆண்டுகள் வைத்தியர் எவரும் திரும்பிப் பாராமற் கிடந்து, 1952-இல் ஒரே சமயத்தில் மூன்று மருந்துக் கம்பெனிகளின் பரிசோதனைச் சாலைகளில் க்ஷயரோகக் கிருமியைக் கொல்லும் ஔஷதமாக வெளிப்பட்டது. ஐசோனியாசிட் என்பது அதன் பெயர். பழைய பொருளாதலால் அதற்குத் தனியுரிமை கோர எவராலும் இயலவில்லை. ஆகவே அது மலிவாகவும் இருந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவின் ஸீ வியூ ஆஸ்பத்திரியில், பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை கைவிடப்பட்டிருந்த நோயாளிகள், சில வாரங்களில் பசியெடுத்து உண்டு, எடை கூடி, வார்டிலேயே ஆடிப் பாடிய காட்சியைப் பத்திரிகைகள் படம் பிடித்து வெளியிட்டன.

அந்த ஆரவாரம் அடங்குமுன்னரே, மருந்தை இரத்தத்திலும் சிறுநீரிலும் அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு விசித்திரம் தென்பட்டது. ஒரே எடையுள்ள இருவர், ஒரே வேளையில், ஒரே அளவு மாத்திரையை விழுங்கினாலும், ஆறு மணி நேரம் கழித்து ஒருவருடைய இரத்தத்தில் மருந்து தாராளமாக இருக்க, மற்றவருடைய இரத்தத்தில் அது அநேகமாக மறைந்தே போயிருந்தது. மறுநாள் சோதித்தாலும் மறுமாதம் சோதித்தாலும் அவரவர் சுபாவம் மாறவில்லை. ஈரல் இம்மருந்தின்மேல் அசிட்டைல் என்னும் சிறு ரசாயனத் துண்டு ஒன்றை ஒட்டி அதன் வீரியத்தைப் போக்குகிறது. அக்காரியத்தைச் செய்யும் நொதி சிலரிடம் துரிதமாகவும் சிலரிடம் மந்தமாகவும் இயங்குகிறது என்பதே காரணம். துரித வகையினர் உடலில் மருந்தின் அளவு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். மந்த வகையினரிடம் அதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் வேண்டும். 1960-இல் டேவிட் பிரைஸ் எவான்ஸும் அவருடைய சகாக்களும் குடும்பம் குடும்பமாகச் சோதித்து, இந்த வித்தியாசம் பரம்பரையாக வருவதென்றும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் மந்தக் கூறைப் பெற்றவரே மந்த வகையினர் ஆகிறார் என்றும் நிறுவினார்கள். மனிதரை உயரத்தின்படி நிறுத்தினால் குட்டையிலிருந்து நெட்டை வரை வரிசை இடைவெளியின்றி நீளும். இங்கோ வரிசையின் நடுவில் பள்ளம் விழுந்து, ஜனங்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றார்கள்.

தேகத்துக்குத் தேகம் ரசாயனம் வேறுபடும் என்ற எண்ணம் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே லண்டன் வைத்தியர் ஆர்ச்சிபால்ட் காரடுக்கு உதித்திருந்தது. காற்றுப் பட்டதும் சிறுநீர் கறுத்துப்போகும் அபூர்வ நிலை ஒன்றைச் சில குடும்பங்களில் கவனித்து, அது தொற்றும் அல்ல, தற்செயலும் அல்ல, பிறவியிலேயே அமைந்த ரசாயன வேறுபாடு என்று 1902-இல் அவர் எழுதினார். மலேரியாவுக்குப் பிரைமாகுவின் உட்கொண்ட சிலருக்கு மட்டும் இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து போவது ஏன் என்று ஆராய்ந்த அமெரிக்கர்கள், ஒரு நொதியின் பரம்பரைக் குறையே அதற்குக் காரணம் என்று 1956-இல் கண்டுபிடித்தார்கள். 1959-இல் ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிஷ் போகல் இத்துறைக்குத் தனிப் பெயரே சூட்டிவிட்டார். இன்று ஆளுக்கேற்ற சிகிச்சை என்றும் துல்லிய மருத்துவம் என்றும் புதுமையின் பளபளப்போடு பேசப்படுவதெல்லாம் இந்த மரத்தின் கிளைகளே.

ஆயினும் வேற்றுமை உண்டு என்று அறிவது ஒன்று. அந்த வேற்றுமையை ஒவ்வொரு நோயாளியிடமும் அளந்து, அளந்தபடி மருந்தை மாற்ற வேண்டுமா என்பது முற்றிலும் வேறான கேள்வி. முன்னதற்கு ரசாயன சாலை விடை சொல்லும். பின்னதற்கு நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து வந்த ஓர் இடமே விடை சொல்ல முடியும். ஐசோனியாசிட்டைப் பொறுத்தவரையில் அந்த இடம் சென்னை, சேத்துப்பட்டு.

1956-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அங்கே க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதன் தொடக்க கால ஆராய்ச்சிகளை முன்னின்று நடத்தினார். கிருமியியல் நுட்பங்களில் லண்டனிலிருந்து டெனிஸ் மிச்சிசன் துணை நின்றார். அக்காலத்தில் க்ஷயரோகம் என்றால் சானடோரியம் என்பதே நியதி: நல்ல காற்று, முழு ஓய்வு, பாலும் முட்டையுமான ஆகாரம், மாதக்கணக்கான படுக்கை. நாட்டில் இருந்த நோயாளிகளின் தொகைக்கும் படுக்கைகளின் தொகைக்கும் எவ்விதப் பொருத்தமும் இல்லாதிருந்தமையால், பெரும்பாலோர்க்கு அந்த நியதி ஒரு மறுப்பாகவே முடிந்தது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போன்ற பாரபட்சமற்ற முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து, இருசாராருக்கும் ஐசோனியாசிட்டையும் பி.ஏ.எஸ். என்ற மருந்தையும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் வெளியான முடிவு வைத்திய உலகத்தைத் திடுக்கிடச் செய்தது. நெருக்கடியான வீட்டில், குறைந்த ஆகாரத்தோடு, ஓய்வும் போதாமல் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய சானடோரியத்தாருக்கு நிகராகவே நோய் தணிந்தது. வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றியதாகவும் தெரியவில்லை.

இதையும் நான் ஆளுக்கேற்ற சிகிச்சை என்ற தலைப்பின் கீழேயே சேர்ப்பேன். அன்றாடம் கூலி வாங்கினாலன்றி அடுப்பு எரியாத ஒருவரை ஓராண்டு படுக்கையில் கிடத்துவதைக் காட்டிலும் அவருக்குப் பொருந்தாத சிகிச்சை வேறொன்று இருக்க முடியாது. அவருடைய நொதி எத்தகையது என்பதற்கு முன்பாகவே, அவருடைய வீடு எத்தகையது, வேலை எத்தகையது என்பதை அந்த ஆராய்ச்சி கணக்கில் எடுத்துக்கொண்டது.

அடுத்ததாக எழுந்தது நொதிக் கேள்வி. தென்னிந்திய நோயாளிகளை அளந்து பார்த்ததில் ஏறக்குறைய ஐந்தில் மூவர் மந்த வகையினராக இருந்தார்கள்; ஐரோப்பியரிடையேயும் பாதிக்குக் குறையாத பங்கினர் அவ்வகையே. ஜப்பானியரிலோ பத்தில் ஒருவர்தான் மந்தம், மற்றவர் அனைவரும் துரிதம். அப்படியானால் துரித வகையினருக்கு மருந்து போதாமற் போகிறதா, அவர்களுக்கு அளவைக் கூட்ட வேண்டுமா என்ற சந்தேகம் இயற்கையாகவே பிறந்தது.

சேத்துப்பட்டில் கிடைத்த விடை ஒன்றல்ல. சிகிச்சை முறைக்கு முறை விடை மாறியது என்பதே அந்த ஆராய்ச்சியின் சாரம். ஐசோனியாசிட்டைத் தனித்துக் கொடுத்தபோது மந்த வகையினர் கூடுதலான பலன் அடைந்தார்கள். அதனோடு பி.ஏ.எஸ். சேர்த்துத் தினந்தோறும் கொடுத்தபோது இரு வகையினருக்கும் இடையே பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை. மருந்தை நோயாளி உண்மையிலேயே விழுங்குகிறாரா என்ற கவலையால், அவரை வாரம் இரு முறை நிலையத்துக்கு வரவழைத்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியையும் உயர்ந்த அளவு ஐசோனியாசிட்டையும் கண்முன்னே கொடுக்கும் முறையை 1960-களில் பரீட்சித்தார்கள். அதிலும் வேற்றுமை பெரிதாகத் தலைகாட்டவில்லை. பேருந்துச் செலவையும் வேலை இழப்பையும் எண்ணி, வாரம் ஒரே முறையாக அதைச் சுருக்கியபோதுதான், துரித வகையினர் தெளிவாகப் பின்தங்கினார்கள். மருந்து அவர்கள் இரத்தத்தில் சில மணி நேரமே நின்று மறைய, எஞ்சிய நாட்களெல்லாம் கிருமி தலைதூக்குவதற்கு அவகாசமாயிற்று. அவர்களுக்காகவே மெதுவாகக் கரைந்து வெளிப்படும் மாத்திரை ஒன்றைக்கூடச் செய்து பார்த்தார்கள்.

இடையில் இன்னொன்றும் புலப்பட்டது. ஒரு நாளைய ஐசோனியாசிட் அளவை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் கொடுப்பதைவிட, முழுவதையும் ஒரே வேளையில் கொடுப்பது கூடுதலாகப் பலித்தது. கிருமியை அடக்க, மருந்து ஒரு முறையேனும் உச்சத்துக்கு ஏறுவது முக்கியம் என்பது அதனால் விளங்கிற்று. ஆனால் அந்த உச்சத்துக்கு விலையும் இருந்தது. சிலருக்குக் கை கால் விரல்களில் மதமதப்பும் எரிச்சலும் தோன்றி நரம்புகள் கெட்டன. இத்தொல்லைக்கு ஆளானவர்களில் மந்த வகையினரே மிகுதி. மருந்து உடலில் நெடுநேரம் தங்கிப் பைரிடாக்ஸின் என்ற ஆறாம் பி வைட்டமினின் பயனைக் கெடுப்பதே காரணம். அப்படியிருக்க, ஒவ்வொருவரும் எவ்வகை என்று அளந்து பிரிக்க வேண்டிய அவசியம் நேர்ந்ததா? இல்லை. சில மில்லிகிராம் பைரிடாக்ஸின் சேர்த்துக் கொடுத்தாலே அத்தொல்லை தடுக்கப்படுகிறது. அது விலையும் குறைவு, துரித வகையினருக்குத் தீங்கும் செய்வதில்லை.

இங்கேதான் என் மனத்தில் நெடுநாளாக இருந்து வரும் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். நோயாளிகளுக்கிடையே உள்ள பேதத்தை மதிப்பதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. பேதத்தை அளந்து ஆளுக்கு ஆள் மருந்தை மாற்றுவது ஒரு வழி. அந்தப் பேதம் இருந்தும் எவரையும் கெடுக்காதபடி சிகிச்சை முறையையே அமைப்பது மற்றொரு வழி. பின்னது கண்ணுக்குத் தெரியாத வழியாதலால் அதற்குப் புகழ் கிடைப்பதில்லை. பத்திரிகைத் தலைப்பும் கிடைப்பதில்லை. ஆனால் தினசரி மருந்தை விரும்பி, வாராந்தர முறையைக் கைவிட்டு, வைட்டமினைச் சேர்த்த சென்னை ஆராய்ச்சியாளர்கள், பேதத்தை அறியாதவர்கள் அல்லர். உலகத்தில் அதை மிக நுட்பமாக அறிந்திருந்த சிலருள் அவர்களும் அடங்குவர்.

அளந்தே தீர வேண்டிய இடங்களும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எச்.ஐ.வி. கிருமிக்குக் கொடுக்கப்படும் அபாகவிர் என்ற மருந்து, குறிப்பிட்ட ஒரு பரம்பரைக் கூறு உடையவர்களுக்குக் காய்ச்சலும் தடிப்புமாகத் தொடங்கி உயிருக்கே உலை வைக்கும் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. 2008-இல் வெளியான பெரிய சோதனையில், முன்கூட்டியே இரத்தத்தைப் பரிசோதித்து அக்கூறு உடையவர்களை விலக்கிய பிரிவில், உறுதி செய்யப்பட்ட ஒவ்வாமை ஒருவருக்குக்கூட வரவில்லை. பரிசோதியாத பிரிவில் 2.7 சதவீதத்தினருக்கு வந்தது. வலிப்புக்குக் கொடுக்கப்படும் கார்பமாசிபினால் உடல் முழுவதும் தோல் கொப்பளித்து உரியும் கொடிய விளைவுக்கு ஆளான 44 நோயாளிகளைத் தைவானில் ஆராய்ந்து, அத்தனை பேரிடமும் ஒரே பரம்பரைக் கூறு இருந்ததை 2004-இல் அறிவித்தார்கள். இவ்விரண்டிலும் தீங்கு பெரிது, மாற்று மருந்து கைவசம் உண்டு, பரிசோதனையின் சொல் தெளிவானது. இத்தகைய இடத்தில் அளவாமல் மருந்து எழுதுவது அலட்சியமே.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு விசேஷ உதாரணம் இருக்கிறது. அறுவைக்கு முன் தசைகளைத் தளர்த்தச் செலுத்தும் சக்ஸமெதோனியம் என்ற மருந்தை இரத்தத்திலுள்ள ஒரு நொதி சில நிமிஷங்களில் சிதைத்துவிடும். அந்த நொதி இல்லாதவர்களுக்கோ தளர்ச்சி மணிக்கணக்கில் நீடிக்க, அதுவரை இயந்திரத்தின் உதவியால் மூச்சுவிட வேண்டியிருக்கும். ஆரிய வைசிய சமூகத்தாரிடையே இக்குறை பிறரைக் காட்டிலும் மிக அதிகம் என்பதைத் தென்னாட்டு மயக்க மருந்து நிபுணர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். அதன் பரம்பரைக் காரணத்தைக் கோவை ஆராய்ச்சியாளர்கள் அயல்நாட்டுச் சகாக்களோடு சேர்ந்து 2006-இல் எடுத்துக் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணம் செய்துகொண்ட சமூகங்களில் இத்தகைய கூறுகள் திரண்டு நிற்பது இயற்கை. அதனால் அறுவை அரங்கில் ஜாதியைக் கேட்பதற்கும் ஒரு வைத்தியக் காரணம் இருக்கிறது என்ற சங்கடமான நிலை ஏற்படுகிறது. ஆனால் ஜாதி இங்கே வெறும் சந்தேகக் குறிப்பே. அச்சமூகத்தார் பெரும்பாலோரிடம் நொதி சரியாகவே இருக்கிறது, பிற சமூகத்தாரில் சிலரிடம் இல்லாமலும் இருக்கிறது. நொதியையே அளக்க ஓர் இரத்தப் பரிசோதனை உண்டு. அதைச் செய்யும் வசதியுள்ள இடத்தில் குலத்தை விசாரிப்பதோடு நின்றுவிடுவது நியாயமல்ல.

இனி, அளந்தும் பயன் ஐயத்துக்குரியதாக நின்ற ஒரு கதை. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்பரின், ஆளுக்கு ஆள் பல மடங்கு வித்தியாசமான அளவில் தேவைப்படும் மருந்து. கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் உறையும். பரம்பரைக் கூறுகளைப் பார்த்து அளவை நிர்ணயிக்கலாம் என்ற நம்பிக்கையோடு நடத்தப்பட்ட இரண்டு சோதனைகளின் முடிவுகள் 2013-இல் ஒன்றாகவே வெளிவந்தன. ஐரோப்பியச் சோதனையில் பலன் தெரிந்தது. அமெரிக்கச் சோதனையில் தெரியவில்லை, கறுப்பு இனத்தவருக்கு நிலைமை சற்று மோசமாகவும் இருந்தது. முரண்பாட்டை ஊன்றிப் பார்த்தால் ஒரு காரணம் கிடைக்கிறது. ஐரோப்பாவில் பரம்பரைக் கணக்கோடு ஒப்பிடப்பட்டது எல்லாருக்கும் பொதுவான தொடக்க அளவு. அமெரிக்காவிலோ வயது, எடை, உடன் உண்ணும் மருந்துகள் முதலியவற்றைக் கணக்கிட்டு நிர்ணயித்த அளவு. அதாவது, நோயாளியை நிறுத்துப் பார்த்து, வயதைக் கேட்டு, வேறென்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்துவிட்டால், பரம்பரைப் பரிசோதனை மேற்கொண்டு சேர்ப்பதற்கு அங்கே அதிகம் மிஞ்சவில்லை. அமெரிக்கச் சூத்திரம் பெரும்பாலும் வெள்ளையரின் கூறுகளைக் கொண்டு அமைந்ததாதலால் கறுப்பு இனத்தவருக்குப் பொருந்தாமற் போனதும் கவனிக்கத்தக்கது. நம் நாட்டில் பதினாயிரம் பேருடைய மரபணு முழுமையையும் வாசித்துத் தொகுத்திருக்கும் முயற்சியை நான் வரவேற்பது இதன் பொருட்டே. பிறர் தேகத்துக்கு எழுதிய சூத்திரத்தை நம் தேகத்தின்மேல் ஏற்றாமலிருக்க அது உதவும்.

ஐசோனியாசிட்டின் கதைக்கு மீள்வோம். அளக்க வேண்டியதில்லை என்று சென்னை கண்ட முடிவு எக்காலத்துக்கும் உரிய தீர்ப்பாகாது. ஈரல் பாதிப்பு என்ற பக்க விளைவும் மந்த வகையினரையே அதிகமாகத் தொடர்கிறது. அதை வைட்டமினால் தடுக்க முடியாது. 2013-இல் ஜப்பானியர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பரம்பரைக் கூறைப் பார்த்து மந்த வகையினருக்கு அளவைக் குறைத்தும் துரித வகையினருக்குக் கூட்டியும் கொடுத்ததில், முன்னவருக்கு ஈரல் பாதிப்பு நேரவில்லை. பின்னவருக்குத் தொடக்கத் தோல்விகள் குறைந்தன. அந்நாட்டில் மந்த வகையினர் சொற்பமாதலால் அவர்களைப் பற்றிய முடிவு மிகச் சிலரையே ஆதாரமாகக் கொண்டது என்பதையும் மறக்கலாகாது. மந்த வகையினரே பெரும்பான்மையான தென்னிந்தியாவில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்ப்பது தகும்.

அதற்கிடையில் தமிழ்நாடு வேறொரு திசையில் நடந்திருக்கிறது. சேத்துப்பட்டு ஆராய்ச்சி வீட்டுச் சிகிச்சையை நிலைநாட்டியது உண்மையே. ஆனால் காலப்போக்கில் அது, எல்லா நோயாளிகளையும் ஒரே விதமாக மாத்திரை கொடுத்து அனுப்பிவிடும் பழக்கமாகத் தேய்ந்தது. நோய் கண்டறியப்பட்டுச் சில வாரங்களுக்குள்ளேயே இறப்பவர்கள் இருந்தார்கள். அவர்கள் கிருமியின் வலிமையாலன்றித் தேகத்தின் நலிவாலேயே பெரும்பாலும் மாண்டார்கள். 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் ஒவ்வொரு புதிய நோயாளியையும் முதலிலேயே சோதிக்கச் சொல்கிறது: உயரத்துக்குத் தக்க எடை இருக்கிறதா, கால்களில் வீக்கம் உண்டா, மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா. இவற்றில் மிகவும் நலிந்தவராகத் தெரிந்தவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எடைக்கருவி, கைக்கடிகாரம், விரலில் மாட்டும் சிறு கருவி இவையே இதற்கு வேண்டிய உபகரணம். தொடக்க கால இறப்புகள் பல மாவட்டங்களில் குறைந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆகார ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கிறது. மாதந்தோறும் தானியமும் பருப்பும் கொடுக்கப்பட்ட அந்த நோயாளிகளில், முதல் இரண்டு மாதங்களில் எடை ஐந்து சதவீதம் ஏறியவர்களுக்கு மரண அபாயம் ஏறக்குறைய 60 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. ஆகாரம் குறைந்தாலும் மருந்து வேலை செய்யும் என்ற 1959-ஆம் ஆண்டு முடிவுக்கு இது முரணல்ல. கிருமியை அழிக்க மருந்து போதும். ஆனால் அது அழியும் வரை உயிர் தாங்குவதற்குத் தேகத்தில் சிறிது தசையும் கொழுப்பும் வேண்டும்.

பரம்பரைக் கூறைக் காட்டும் பரிசோதனை நம் ஆஸ்பத்திரிகளுக்கும் வரட்டும். வருவதற்கு முன், சேத்துப்பட்டில் அன்று கடைப்பிடித்த அதே கண்டிப்போடு நம் ஜனங்களிடையே அதைப் பரீட்சித்து, பயன் உண்டு என்று கண்ட பின்னரே ஏற்க வேண்டும் என்று துறையாரைக் கேட்டுக்கொள்கிறேன். இதை வாசிப்பவர் வீட்டிலோ அண்டையிலோ காசநோய்க்கு மாத்திரை உண்பவர் இருப்பாரானால், அவருக்குத் தொடக்கத்திலேயே எடை பார்த்தார்களா, இரண்டு மாதத்தில் எடை ஏறியதா என்று விசாரியுங்கள். விரல்களில் மதமதப்போ, கண்ணில் மஞ்சளோ, ஆகாரத்தில் வெறுப்போ தோன்றினால், மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்ச் சொல்லச் செய்யுங்கள்.